கதவிலும் தளபாடத்திலும் படிந்த கறைகளை நீக்குதல்

புத்தளத்தின் கரையோரத்தில் இருந்து சொந்த ஊருக்குத் திரும்பத் தீர்மானித்த குடும்பத்தின் முன் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று: லொறியில் எதை ஏற்றுவது, எதை விட்டுச் செல்வது?

1990 ஒக்ரோபர் மாத இறுதியில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் எடுத்துவர முடிந்த பொருட்கள் மிகச் சில. யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் மாத்திரமே. கட்டில், அலுமாரி, உரல் எல்லாம் அப்படியே வீட்டில் நின்றன. கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளில் முதலில் ஓலைக் கொட்டில்களிலும் பின்னர் சிறு வீடுகளிலும் வாழ்ந்த காலத்தில், ஒவ்வொரு பொருளும் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் வாங்கப்பட்டது. ஆகவே 2009 இல் யுத்தம் முடிந்த பின் முசலிக்கோ, மன்னாருக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ, முல்லைத்தீவுக்கோ திரும்பும் ஒரு குடும்பத்துக்கு, நல்ல பலகையில் செய்த ஒரு மேசையை வீசிவிட்டுப் புதிது வாங்குவது இலேசான காரியம் அல்ல.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். லொறி நாளைக்கு வரும். மகன் மேசையைக் காட்டிக் கேட்கிறான்:

"உம்மா, இந்தப் பழைய மேசைய ஏன் கொண்டு போற? முழுக்கக் கறை. விறகுக்குப் போடுவம்."

"நீங்க மூணு பேரும் இதுலதான் படிச்சீங்க. மேலதான் கறை. பலகை நல்லாத்தானே இருக்கு."

இருவரில் யார் சொல்வது சரி? மேசையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சில கறைகள் அரை மணி நேரத்தில் போய்விடும். சில கறைகள் மரம் உள்ளே அழிகிறது என்பதற்கான அறிகுறி. வேறு சிலவற்றைத் தவறான முறையில் தேய்த்தால் பிள்ளைகளின் உடல் நலத்துக்கே கேடு வரும். எனவே இந்தப் பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: கறையை நீக்கும் முன் அது எதனால் வந்தது என்று அறிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் பாருங்கள்

மேசையையோ கதவையோ பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள். பிறகு மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, நீர்ச் சோதனை. கறை இல்லாத ஓர் இடத்தில் ஒரு துளி நீரை விடுங்கள். நீர் முத்துப் போல நின்றால் மேலே உள்ள பொலிஷ் அல்லது வார்னிஷ் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. கறை பெரும்பாலும் அந்தப் படையின் மேலே அல்லது அதற்குள்தான் இருக்கும். நீர் உடனே உள்ளே இறங்கி மரம் கறுத்தால் அது வெறும் மரம். கறையும் மரத்துக்குள் இறங்கியிருக்கும்.

இரண்டாவது, குத்திப் பார்த்தல். கறை உள்ள இடத்தை ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையால் மெதுவாக அழுத்துங்கள். மரம் உறுதியாக இருந்தால் கறையை நீக்கலாம். முனை உள்ளே இறங்கினால் மரம் உக்கிவிட்டது அல்லது கறையான் தின்றுவிட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்துப் பயனில்லை. வெட்டி மாற்ற வேண்டும்.

மூன்றாவது, தட்டிப் பார்த்தல். விரல் மொழியால் தட்டும்போது வெற்றுப் பெட்டியின் சத்தம் வந்தால் உள்ளே கோறையாகி இருக்கலாம். அடியில் மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளை மற்றத் தளபாடங்களுடன் ஒரே லொறியில் ஏற்ற வேண்டாம். திருத்திக் கட்டும் வீட்டுக்குப் பூச்சியை நீங்களே கொண்டு போனதாகிவிடும்.

எந்த முறையைக் கையாண்டாலும், முதலில் மேசையின் அடிப்பக்கம், அலுமாரியின் பின்பக்கம் போன்ற கண்ணுக்குப் படாத இடத்தில் செய்து பார்த்து, காய்ந்த பின்னர் மேற்பக்கத்துக்குப் போங்கள்.

2. தேவையான பொருட்கள்

பழைய சாரத் துணி அல்லது வேறு மென்மையான பருத்தித் துணி, பழைய பல் துலக்கி, சலவைத் தூள், அப்பச்சோடா, வினாகிரி, தேசிக்காய், சலித்த அடுப்புச் சாம்பல், தேங்காய் எண்ணெய். இவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கும். தேங்காய்த் தும்பைப் பொலிஷ் இல்லாத வெறும் மரத்துக்கு மாத்திரம் பயன்படுத்துங்கள். பொலிஷ் போட்ட மேசையைத் தும்பால் தேய்த்தால் கறை போகும் முன் பொலிஷ் போய்விடும்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கற்பிட்டிக் குடாநாட்டிலும் மன்னார்க் கரையோரத்திலும் பல கிணறுகளில் உவர் நீரே கிடைக்கிறது. உவர் நீரால் கழுவிய மரம் காய்ந்ததும் வெண்மையாகப் பூக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதால் அந்த மரம் எப்போதும் சற்றுப் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆணிகளும் கெதியாகத் துருப்பிடிக்கும். ஆகவே முதலில் எந்த நீரால் கழுவினாலும், கடைசித் துடைப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் செய்யுங்கள். அதற்கு ஒரு சிறு வாளி நீர் போதும்.

3. கறைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

வெள்ளை வளையம்

சூடான சட்டி அல்லது தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வருவது இது. சூட்டினால் ஈரம் பொலிஷுக்குள் புகுந்து அங்கே தங்கிவிட்டது. மரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. முதலில் காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். புதிய வளையம் தானாகவே மறையலாம். மறையாவிட்டால் வளையத்தின் மேல் தேங்காய் எண்ணெய் பூசி ஓர் இரவு விட்டுத் துடையுங்கள். அப்போதும் இருந்தால், மெல்லிய துணியால் சலித்த சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, மர நாரின் போக்கிலே விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். இறுதியில் எண்ணெயை முழுவதும் துடைத்து எடுங்கள்.

ஆணியைச் சுற்றிய கறுப்பு

இதைப் பலர் அழுக்கு என்றோ பூஞ்சணம் என்றோ நினைத்து நெடுநேரம் தேய்க்கிறார்கள். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அது போகாது. காரணம், அது மரமும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய நிறம். தேக்கு போன்ற பல மரங்களில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரம் பட்டு இரும்பு துருப்பிடிக்கும்போது, அந்தத் துருவும் துவர்ப்பும் சேர்ந்து கறுப்பாகின்றன. முற்காலத்தில் கடுக்காயுடன் இரும்பின் உப்பைச் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே முறையில்தான். உங்கள் கதவில் ஆணியும் கீலும் சேர்ந்து மை செய்திருக்கின்றன.

மையைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். முடிந்தால் துருப்பிடித்த ஆணியைக் கழற்றுங்கள். அது அங்கேயே இருந்தால் கறுப்பு திரும்பவும் வரும். கறையின் மேல் பொலிஷ் இருந்தால் அந்த இடத்தில் மாத்திரம் சுரண்டி எடுங்கள். பெயின்ற் பூசிய மரமானால் சுரண்டும் முன் 4 ஆம் பகுதியை வாசியுங்கள். தேசிக்காய்ச் சாற்றைத் துணியில் நனைத்துக் கறையின் மேல் வைத்து இருபது நிமிடம் விடுங்கள். துடைத்துப் பாருங்கள். மூன்று நான்கு தடவை செய்ய வேண்டி வரலாம். பின்னர் நல்ல நீரால் துடைத்து, ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அதனால் ஒரு தடவை துடைத்து, மீண்டும் நல்ல நீரால் துடையுங்கள். இல்லையேல் மரத்தில் தங்கிய புளிப்புப் புதிய ஆணியையும் அரித்துவிடும். புதிய ஆணி வாங்கும்போது நாகம் பூசிய ஆணியாக வாங்குங்கள்.

தேசிக்காய்க்கு அடங்காத கறைக்குத் தச்சர்கள் ஒக்சாலிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது நன்றாக வேலை செய்யும்; ஆனால் நஞ்சு. அதைக் கையாளப் பழகிய தச்சர் ஒருவரிடம் அந்த வேலையை விடுவது நல்லது. சமையலுக்குப் பயன்படும் பலகைகளில் அதை ஒருபோதும் பாவிக்க வேண்டாம்.

பூஞ்சணம்

கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகளாக, தொட்டால் விரலில் ஒட்டுவது பூஞ்சணம். மாரி மழையில் ஒழுகிய வீட்டிலும், சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் பின்புறத்திலும் இதைக் காணலாம். பொருளை வெளியே எடுத்து வாருங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். உலர்ந்த நிலையில் தட்டவோ கூட்டவோ வேண்டாம்; தூளாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். தொய்வு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். பிறகு வினாகிரியைப் பூசி ஒரு மணி நேரம் விட்டு, நல்ல நீரால் துடைத்துக் காய வையுங்கள். ஒழுக்கை அடைக்காமலும் அலுமாரியைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வைக்காமலும் விட்டால், அடுத்த மாரிக்கு அது திரும்பவும் வரும்.

புகையும் எண்ணெயும்

குசினிக் கதவிலும், குப்பி விளக்கு வைத்த மாடத்தின் மேலும் படிந்திருக்கும் கரியை முதலில் ஈரத் துணியால் தொடாதீர்கள். நீர் பட்டால் கரி மரத்தின் நாருக்குள் இறங்கிவிடும். உலர்ந்த துணியை ஒற்றி ஒற்றி எடுத்து, முடிந்த அளவு கரி வந்த பின்னரே இளஞ்சூடான சலவைத் தூள் நீரால் துடையுங்கள். மேலிருந்து கீழே அல்ல, கீழிருந்து மேலே துடைத்து வாருங்கள். கரி நீர் காய்ந்த மரத்தின் மேல் வழிந்தால் கோடு கோடாகத் தங்கும்; ஏற்கெனவே நனைந்த மரத்தில் அப்படித் தங்காது.

வெறும் மரத்தில் எண்ணெய் ஊறியிருந்தால், அதன் மேல் ஒரு பழைய வெள்ளைக் கடதாசியை வைத்து, இளஞ்சூடான இஸ்திரிப்பெட்டியைச் சற்று நேரம் வைத்து எடுங்கள். எண்ணெய் கடதாசிக்கு ஏறும். கடதாசியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

மஞ்சளும் வெற்றிலையும்

மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் அது சிவக்கும். பயப்பட வேண்டாம், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது போன்றதுதான் அது. நல்ல நீரால் துடைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. பலகையைக் கழுவி, காலை வெயிலில் சில நாட்கள் வைத்தாலே பெரும் பகுதி மங்கிவிடும். வெற்றிலைக் கறைக்குத் தேசிக்காய்ச் சாறு பூசி, பத்து நிமிடத்தின் பின் சவர்க்கார நீரால் துடையுங்கள்.

சமையல் மரச் சாமான்கள்

அகப்பை, இடியப்ப உரல், தேங்காய் துருவும் பலகை, உரல், உலக்கை ஆகியவற்றுக்கு உப்பும் தேசிக்காய்ப் பாதியும் போதும். தேய்த்துச் சுடுநீரால் கழுவி நிழலில் காய வையுங்கள். இவற்றில் மண்ணெண்ணெயோ, தின்னரோ, வார்னிஷோ படவே கூடாது.

4. பழைய வீட்டுக்குள் நுழையும்போது

இதுவரை சொன்னவை புத்தளத்தில் இருந்து கொண்டு போகும் பொருட்களுக்கும் பொருந்தும், ஊரில் மிஞ்சியிருக்கும் கதவு நிலைகளுக்கும் பொருந்தும். ஆனால் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டிலோ, பிறர் இருந்து விட்டுச் சென்ற வீட்டிலோ கறையைத் துடைக்கத் துணி எடுக்கும் முன் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பிரதேசமாக இருந்தாலும், வீட்டிலோ வளவிலோ இனந்தெரியாத பொருள் ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வந்த வழியாலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். சிவப்பு அடையாளம் அபாயத்தைக் குறிக்கும். கதவிலோ சுவரிலோ மரத்திலோ சிவப்பு நிறத்தில் எதையாவது கண்டால், அது என்னவென்று விசாரித்து அறியும் வரை அதை அழிக்கவும் வேண்டாம், தாண்டிப் போகவும் வேண்டாம்.

எலி, வௌவால் எச்சங்கள். இவற்றை விளக்குமாற்றால் கூட்டினால் தூசி மூச்சோடு உள்ளே போகும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவும். யன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் செருப்பும் அணியுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து எச்சத்தின் மேல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட்டு, அதன் பின் துணியால் அள்ளி எடுங்கள். அந்தத் துணியைப் புதைத்து விடுங்கள். மரம் அந்த இடத்தில் சற்று வெளுக்கலாம். உடல் நலம் அதைவிட முக்கியம்.

பழைய பெயின்ற். பெயின்றில் சேர்க்கும் ஈயத்தின் அளவுக்கான சட்ட வரம்பு இலங்கையில் 2013 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டுக் கதவும் யன்னலும் அதற்கு எவ்வளவோ முன்னர் பெயின்ற் பூசப்பட்டவை. அந்தப் பெயின்றை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்த்தால், அல்லது நெருப்பால் வாட்டிச் சுரண்டினால், ஈயம் தூசியாகவும் புகையாகவும் வெளிவரும். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் கேடு. பெயின்ற் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் கழுவி, அதன் மேலேயே புதிய பெயின்ற் பூசுங்கள். உரிந்து வரும் இடங்களை மாத்திரம் நீரால் நனைத்து, ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே தறப்பாள் விரித்து, சுரண்டலை முழுவதும் சேர்த்துக் கட்டி, கிணற்றுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தூரமாகப் புதையுங்கள். எரிக்க வேண்டாம். பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

கறையான் மண். நிலையின் அடியில் இருந்து மேலே ஏறும் மண் கோட்டைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அது கறையானின் பாதை. அழித்த இடத்தில் இரண்டு நாளில் மீண்டும் மண் கட்டினால் கறையான் உயிரோடு இருக்கிறது. நிலையின் கால் மண்ணைத் தொடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உக்கிய அடியை வெட்டி எடுத்து, சீமெந்துத் தளத்தின் மேல் நிறுத்துமாறு மேசனிடம் சொல்லுங்கள். முதிரை, பாலை மரங்களில் செய்த பழைய நிலைகள் அடியில் மாத்திரம் பழுதடைந்து, மேலே பல தசாப்தங்கள் உழைக்கக் கூடியனவாக இருக்கலாம். குத்திப் பாராமல் விறகுக்கு வெட்ட வேண்டாம்.

5. ஒருபோதும் செய்யக் கூடாதவை

- பிளீச் திரவத்துடன் வினாகிரியையோ, தேசிக்காய்ச் சாற்றையோ, மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். மூடிய அறையில் அது உயிரையே எடுக்கும். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தில் மற்றதைப் பயன்படுத்த வேண்டுமானால், இடையில் நன்றாகக் கழுவிக் காய விடுங்கள்.

- மண்ணெண்ணெய், தின்னர், அமிலம் எதையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளை அதைத் தண்ணீர் என்று குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

- அடுப்பு எரியும்போது, அல்லது ஒருவர் பீடி புகைக்கும்போது, மண்ணெண்ணெயாலோ தின்னராலோ துடைக்காதீர்கள். கிடுகுக் கூரையின் கீழ் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

- ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம். அரக்குப் பொலிஷ் போட்ட பழைய தளபாடத்தில் அது கறையோடு பொலிஷையும் கரைத்துவிடும்.

6. கழுவிய பின்

மரத்தை நிழலில், காற்றில் காய வையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் பலகை வளையும், வெடிக்கும். கரையோரத்தில் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்ந்த காற்று இந்த வேலைக்கு உகந்தது. ஒக்ரோபரில் தொடங்கும் மழைக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். மழை காலத்தில் கழுவ வேண்டி வந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் நனைக்காமல் ஒவ்வொரு பொருளாகச் செய்யுங்கள்.

நன்றாகக் காய்ந்த வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசலாம். கடைகளில் லின்சீட் ஒயில் என்று கேளுங்கள். அரை மணி நேரத்தின் பின் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். துணியைத் தண்ணீரில் நனைத்து, கொடியில் விரித்துக் காய விடுங்கள். சமையலுக்கான தேங்காய் எண்ணெயைக் கதவுக்குப் பூச வேண்டாம். அது காயாது, தூசியைப் பிடித்துக் கறுக்கும்.

லொறியில் ஏற்றும் முன் மரம் முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புத்தளத்தில் இருந்து அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்குப் போகும் நீண்ட பயணத்தில், ஈர மரத்தைத் தறப்பாளால் இறுக மூடினால் இறக்கும்போது பூஞ்சணம் தொடங்கியிருக்கும். மேசையின் மேல் இரும்புப் பெட்டியை வைக்க வேண்டுமானால் இடையில் பாயையோ தடித்த துணியையோ விரியுங்கள். இல்லையேல் ஊர் போய்ச் சேரும் முன் புதிய கறுப்புக் கறை ஒன்றைச் சம்பாதித்துவிடுவீர்கள்.

7. துடைக்காமல் விட வேண்டியவை

எல்லா அடையாளமும் கறை அல்ல. துணியை எடுக்கும் முன், வீட்டின் கதவுகளையும் நிலைகளையும் கைத்தொலைபேசியால் படம் பிடியுங்கள். தீப்பட்ட இடம், உடைத்த பூட்டு, கழற்றிய கீல், வேறொருவர் எழுதிய எழுத்து ஆகிய அனைத்தும் படத்தில் இருக்கட்டும். வீட்டுச் சேதத்தைப் பதிய வரும் அதிகாரிக்கு நீங்கள் காட்ட வேண்டியது அதுவே. துடைத்துப் பளபளப்பாக்கிய கதவு எந்தக் கதையும் சொல்லாது. படங்களின் பிரதி ஒன்றை வேறொரு குடும்பத்தவரின் தொலைபேசியிலும் வைத்திருங்கள்.

நிலையில் பிள்ளையின் உயரத்தைக் குறித்த கோடு, வாப்பா கத்தியால் கீறிய திகதி, பெயர் ஆகியவற்றைத் துடைப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அதைத் தனியே தீர்மானிக்காதீர்கள். வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளையும் அழைத்து அதைக் காட்டுங்கள். அந்த வீட்டில் தங்கள் குடும்பம் வாழ்ந்தது என்று அவர்கள் கண்ணால் காணக் கூடியது சிலவேளை அந்தக் கோடு மாத்திரமே.

பார்க்கவே மனம் தாங்காத கறைகளும் இருக்கக் கூடும். அதை நீங்களே துடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அயலவரிடமோ உறவினரிடமோ உதவி கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனி, நாளை லொறிக்குக் காத்திருக்கும் அந்த மேசைக்கு வருவோம். நடுவில் வெள்ளை வளையம்: பொலிஷில் தங்கிய ஈரம். ஓரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு: தேசிக்காயால் போகும். ஒரு காலின் அடியில் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்குகிறது: உக்கிவிட்டது, அந்தக் கால் மாத்திரம் மாற்ற வேண்டும். ஆகவே மகன் சொன்னதில் ஒரு கால் பங்கு சரி, உம்மா சொன்னதில் முக்கால் பங்கு சரி. மேசை லொறியில் ஏறலாம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. நமது வீட்டுத் தளபாடங்களில் எவற்றில் கறை உண்டு? ஒவ்வொன்றும் எதனால் வந்தது?

2. குத்திப் பார்த்தபோது உறுதியாக இருந்தவை எவை? உக்கியவை எவை? இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள்.

3. மண்ணெண்ணெயும் பிளீச் திரவமும் இப்போது எங்கே வைக்கப்பட்டுள்ளன? சிறு பிள்ளையின் கைக்கு எட்டுமா?

4. ஊரில் உள்ள வீட்டைத் துடைக்கும் முன் படம் பிடிக்கும் பொறுப்பு யாருடையது?

5. எந்த அடையாளத்தை நாம் அழிக்காமல் வைத்திருக்க விரும்புகிறோம்?